எழுதாமல் விட்ட வரவு



தளவாய்புரத்தில் ஆயத்த ஆடை தைக்கும் இல்லங்களில் கணக்குப் பார்க்கும் கருத்தை நாம் அறிவோம். துணி, நூல், பொத்தான், தையற்கூலி, மின்கட்டணம் என யாவற்றையும் கூட்டிய பின்னரே விலை குறிப்பார்கள். ஒன்றை எழுத மறந்தாலும் ஆண்டு முடிவில் அது நட்டமாக வந்து நிற்கும். வீட்டுக்கு இத்துணை கவனமாகக் கணக்கிடும் நாம், ஊர்க்காரியத்தில் மட்டும் ஒரு பெரிய வரவை எழுதாமலே விட்டுவிடுகிறோம்.

நம் மேற்கு மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கண்மாய்களை நிரப்புகின்றது. மிஞ்சியது வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடாவை அடைகின்றது. கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்று சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது வீண்தானா? ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகத்தில்தான் இறாலும் நண்டும் மடவை மீனும் குஞ்சுப் பருவத்தில் வளர்கின்றன. ஆறு கொணரும் மணலும் வண்டலும் கடற்கரையைத் தாங்குகின்றன. நன்னீர் வரத்துக் குறைந்தால் உப்புநீர் உள்ளே ஏறிவரும். ஆற்றுமுகத்தில் வலைவீசும் குடும்பத்தின் உலையும் நம் மலைமழையை நம்பியே கொதிக்கின்றது.

இவ்வுதவிகளை எண்ணிப் பார்க்க இயலுமா? இயலும். 1999 அக்டோபரில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியது. பிதர்கனிகா கழிமுகப் பகுதியில் மூன்று ஊர்கள் அடைந்த இழப்பை ருச்சி பதோலா, எஸ். ஏ. உசைன் என்னும் ஆய்வாளர் இருவர் ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்டனர். அலையாத்திக் காட்டின் அரணில் இருந்த ஊரில் வீடொன்றுக்கு இழப்பு ஏறத்தாழ 33 டாலர். காடும் தடுப்புக்கரையும் இல்லாத ஊரில் 44 டாலர். காடின்றித் தடுப்புக்கரையை மட்டும் நம்பிய ஊரிலோ 154 டாலர்! கரையை உடைத்துப் புகுந்த கடல்நீரை அக்கரையே எளிதில் வடியவிடவில்லை. செலவின்றி நின்ற காடு, செலவழித்துக் கட்டிய கரையினும் மேலாகக் காத்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. விலை சொல்லிவிட்டால், அவ்விலையைக் கொடுத்து அழித்துவிடலாம் என்பாரும் உளர். நாம் விலை கேட்பது விற்பதற்கன்று. ஏட்டில் சுழியம் விழாதிருப்பதற்கே.

ஆண்டுதோறும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று, நம் ஊராட்சிகளில் கிராமசபை கூடுகின்றது. ஓடையில் மணல் எடுக்கவோ, கண்மாய்க்கரையை மனையாக்கவோ, கழிவுநீரை ஓடையில் விடவோ யோசனை வருமானால், வரும் பணத்தோடு மற்றொன்றையும் கேளுங்கள்: "இதனால் கீழே இருப்பவர் இழப்பது என்ன?" நம் தாய்மார்களும் எழுந்து கேட்கட்டும். விடை தீர்மான ஏட்டில் பதியப்படட்டும். மலையடியில் வாழும் நாம் கடலைப் பார்க்காதிருக்கலாம். நம் முடிவுகள் அங்குபோய்ச் சேராமல் இரா.