மூன்றில் ஒரு பங்கு மூச்சு

சாகசம் என்ற சொல்லை நாம் சற்றுத் தாராளமாகவே செலவழிக்கிறோம். 2018ஆம் ஆண்டு தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளத்தால் அடைபட்ட 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்றுநரும் மீட்கப்பட்டபோது, உள்ளே சென்றவர்களின் துணிச்சலே பெரிதும் பேசப்பட்டது. சிறுவர்களை முதலில் கண்டடைந்த இருவரில் ரிக் ஸ்டாண்டன் தீயணைப்புத் துறையில் பணியாற்றியவர். ஜான் வொலாந்தன் கணினித் துறை ஆலோசகர். குகை முக்குளிப்பு அவர்களுக்குப் பொழுதுபோக்கு. பல ஆண்டுகள் சலிக்காமல் பழகிய ஓர் ஒழுங்கே அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இத்துறையில் நுழைய விரும்புவோர் முதலில் கேட்பது, என்னென்ன வாங்க வேண்டும் என்பதே. கேள்வியில் பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு கருவியும் ஏன் வந்தது என்றறியாமல் வாங்குபவர், பொருள் தெரியாது செய்யுளை மனனம் செய்தவரைப் போன்றவர் என்பது நம் கருத்து.

வடக்கு ஃப்ளோரிடாவின் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் நீளும் ஊற்றுக் குகைகளில்தான் இவ்விதிகளில் பல உருப்பெற்றன. அங்குள்ள நீரின் தெளிவே ஓர் ஏமாற்று. தரையில் படிந்த மென்சேறு ஒரு தவறான காலசைவில் கிளம்பினால், சில கணங்களில் தன் கையே தனக்குத் தெரியாது. மேலே பாறை இருப்பதால் நேராக மேலெழவும் வழியில்லை. அங்கே பலர் இறந்தார்கள். 1972இல் ஆயிரம் குகை முக்குளிப்புகளை நிறைவுசெய்த முதல் மனிதரான ஷெக் எக்ஸ்லி, அந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். வாயில்வரை அறுபடாமல் செல்லும் வழிகாட்டிக் கயிறு இல்லாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காமை, அளவுமீறிய ஆழம் ஆகிய மூன்றையும் முதன்மைக் காரணங்களாக அவர் கண்டார். பயிற்சியின்மையும் போதிய விளக்கின்மையும் பின்னர் அப்பட்டியலில் சேர்ந்தன.

இந்தப் பின்னணியில் கருவிகளைப் பார்க்கலாம். விளக்குகள் மூன்று, ஒன்று அணைந்து, அடுத்ததும் அணையக்கூடும் என்பதால். கயிற்றில் செருகும் பிளாஸ்டிக் அம்புக்குறி வாயிலின் திசையைக் காட்டும்; இருளில் விரல்களால் தடவியே அதைப் படித்துவிடலாம். ரெகுலேட்டர்கள் இரண்டு, அவற்றில் ஒன்றின் குழாய் ஏறத்தாழ 7 அடி நீளம். குறுகிய வழியில் இருவர் அருகருகே நீந்த இயலாது. ஒருவர்பின் ஒருவராக, ஒரே சிலிண்டரின் காற்றில் வெளியேற அந்த நீளம் தேவை. வழக்கமாக நாம் சுவாசித்துக்கொண்டிருக்கும் அந்த நீண்ட குழாயையே துணைவரிடம் நீட்டிவிட்டு, கழுத்தடியில் தொங்கும் மற்றொன்றை நம் வாயில் வைத்துக்கொள்கிறோம். காற்றின் கணக்கும் அப்படியே. மூன்றில் ஒரு பங்கு உள்ளே செல்ல, ஒரு பங்கு திரும்பி வர. எஞ்சிய பங்கு, குகையின் கடைக்கோடியில் துணைவரின் காற்று முற்றிலும் தீர்ந்துபோனால் அவரையும் வெளியே கொண்டுவர. அது நம் முதுகில் இருந்தாலும் நமக்குரியதன்று.

பயிற்சி இதைத்தான் உடலுக்குப் புகட்டுகிறது. முதற்படியில் பகல்வெளிச்சம் எட்டும் முகப்பைத் தாண்ட அனுமதியில்லை. இரட்டைச் சிலிண்டருடன் வரும் தொடக்க மாணவருக்கு மூன்றிலொன்றுகூடக் கிடையாது, ஆறிலொன்று போதும் என்று வரம்பிடும் அமைப்புகளும் உண்டு. நீரில் இறங்குமுன் மரங்களுக்கிடையே கயிறு கட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு அதைத் தடவி நடக்கப் பழக்குகிறார்கள். வேடிக்கையாகத் தோன்றும் இப்பாடத்தை அவசரத்தில் தாண்டிச் செல்பவர்களை நினைத்தே நாம் அஞ்சுகிறோம். ஃப்ளோரிடாக் குகைகளுக்குள் நிறுத்தப்பட்ட எச்சரிக்கைப் பலகை, இத்தகைய குகைகளில் இறந்தோரில் திறந்த நீரில் முக்குளிக்கக் கற்றுத்தரும் ஆசிரியர்களும் உண்டு என்கிறது. பிறிதொரு நீரில் பெற்ற தேர்ச்சி இங்கே செல்லுபடியாகாது.

விதிகளை வகுத்த எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் சக்காத்தோன் நீர்க்குழியில், ஆயிரம் அடியைக் கடக்கும் முயற்சியில் இறந்தார். விதிகள் பயனற்றவை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆழம் எவருக்கும் சலுகை தருவதில்லை என்பதையே அம்மரணமும் சொல்கிறது.

ஆகவே தொடங்க விழைவோருக்கு நாம் சொல்லக்கூடியது சிறிது. திறந்த நீரில் சேற்றைக் கிளப்பாமல், ஏறாமல் இறங்காமல் ஓரிடத்தில் மிதக்கப் பழகுங்கள். கடைக்குப் போகுமுன் ஆசிரியரைத் தேடுங்கள். அவர் சொல்வதை வாங்குங்கள். குழுவில் எவர் எப்போது திரும்பலாம் என்று கைகாட்டினாலும், காரணம் கேளாமல் அனைவரும் திரும்ப வேண்டும் என்பது இத்துறையின் வழக்கம். அதை மனக்குறையின்றி ஏற்க முடியுமா என்று, சிலிண்டரின் விலையைக் கேட்பதற்கு முன்பே ஒருவர் தம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.