பயிற்சியா? வெட்டி ஊழியமா?

ஒரு அக்கிரமத்தை நெடுநாள் நடத்த வேண்டுமானால், அதற்கு ஒரு கௌரவமான பெயரை வைத்துவிட்டால் போதும் என்பது நமது நாட்டாருக்கு வெகுகாலமாகத் தெரிந்த வித்தையாகும். சிறு பெண்ணைக் கோவிலில் பொட்டுக்கட்டி விட்டதற்குக் கடவுள் தொண்டு என்று பெயர் வைத்தார்கள். பெற்ற மகளை ஆடு மாட்டைப் போல் பிறத்தியாருக்குத் தத்தம் செய்து கொடுப்பதற்குக் கன்னிகாதானம் என்று பெயர் வைத்தார்கள். அந்த வரிசையில், பட்டம் பெற்று வெளியே வரும் பிள்ளைகளிடம் சல்லிக்காசு கொடுக்காமல் மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் வேலை வாங்குவதற்கு இன்று 'பயிற்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது பத்திரிகை ஆபீசிலும் நடக்கிறது. சினிமாத் தொழிலிலும் நடக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனியிலும் நடக்கிறது. உலகத்துக்கெல்லாம் ஜனநாயகம் போதிக்கும் அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையிலேயே, பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது 2022-ல் தான் என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவை ஒருபுறம் இருக்கட்டும். ஊரார் உரிமைக்காக வாதாடுவதாகச் சொல்லிக் கொள்ளும் வக்கீல் தொழில் ஒன்றை மாத்திரம் இன்று எடுத்துக் கொள்வோம்.

ஒரு குடியானவனின் மகனோ மகளோ கடன்பட்டுச் சட்டம் படித்து, வக்கீலாகப் பதிந்து கொண்டு சென்னைக்கு வருவதாக வைத்துக் கொள்ளுங்கள். தங்குகிற இடத்துக்கு வாடகை, இரண்டு வேளைச் சாப்பாடு, கறுப்புக் கோட்டு, பஸ் செலவு ஆகிய அனைத்தும் கைப்பணம். காலையில் சீனியர் ஆபீசில் கேஸ் கட்டுகளைப் பிரித்து வைக்க வேண்டும். பகலில் கோர்ட்டில் வாய்தா வாங்க வேண்டும். தாக்கல் செய்யும் இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். நகலுக்கு மனுப் போட வேண்டும். சாயந்திரம் பிரமாண வாக்குமூலம் எழுத வேண்டும். கட்சிக்காரரிடம் வாங்கும் பீசோ இந்த வேலைகளுக்கெல்லாம் சேர்த்துத்தான் வாங்கப்படுகிறது. ஆகவே வேலை கணக்கில் வருகிறது. வேலை செய்தவர் மாத்திரம் கணக்கில் வருவதில்லை.

இதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே 'வெட்டி' என்று அது காணப்படுகிறது. கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய ஊழியம் என்பது அதன் பொருள். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு அதைத்தான் 'பேகார்' என்ற பெயரால் தடுத்திருக்கிறது. டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலைத் தொழிலாளர்களைப் பற்றிய வழக்கில் 1982-ல் சுப்ரீம் கோர்ட், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றும், சாட்டை மாத்திரமல்ல, பசியும் வறுமையும்கூடக் கட்டாயந்தான் என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. இந்தத் தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய வக்கீல்கள் நம்மில் ஏராளம். ஜூனியர் என்பவர் சட்டப்படி தொழிலாளி அல்ல என்று அவர்கள் நியாயம் பேசலாம். பேசட்டும். சட்டத்தில் அவருக்கு என்ன பெயர் என்பதல்ல நமது கேள்வி. வயிற்றுக்கு என்ன வழி என்பதே நமது கேள்வி.

"நாங்கள் வித்தை சொல்லிக் கொடுக்கிறோமே, அது போதாதா?" என்கிறார்கள். ஐ.ஏ.எஸ். தேறினவர்கள் முசூரியில் பயிற்சி பெறுகிறபோதே சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது. போலீசில் சேர்ந்தவன் கவாத்துப் பழகுகிறபோதே சம்பளம் பெறுகிறான். தொழிற்சாலையில் வேலை பழகுகிறவனுக்கு 1961-ம் வருஷத்துச் சட்டப்படி உதவித் தொகை உண்டு. பட்டதாரியாயிருந்தால் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2019-ல் விதி செய்தார்கள். அங்கெல்லாம் கற்பதும் கூலியும் ஒன்றுக்கொன்று விரோதமாகவில்லையே! வக்கீல் ஆபீசில் மாத்திரம் கூலி கொடுத்தால் வித்தை ஓடிப் போய்விடுமா? துரோணர் என்பவர் சொல்லிக் கொடுக்காத வித்தைக்குக் கட்டைவிரலைக் கேட்டார் என்று கதை சொல்லுகிறார்கள். அவராவது ஒரே தடவை கேட்டதோடு நிறுத்திக் கொண்டார். இன்றைய துரோணர்களோ தினம் ஒரு விரல் கேட்கிறார்கள்.

"நாங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தோம்" என்பது இன்னொரு சமாதானம். இது மாமியாரிடம் அடிபட்டவள் மருமகளை அடிப்பதற்குச் சொல்லுகிற நியாயமே தவிர வேறல்ல. அன்றியும், கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்கள்தானே இன்று பேசுகிறார்கள்? கஷ்டம் தாங்காமல் தொழிலை விட்டுப் போனவர்கள் எங்கே இருந்து பேசுவார்கள்?

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. மூன்று வருஷம், ஐந்து வருஷம் சம்பளமில்லாமல் இருக்க யாரால் முடியும்? பட்டணத்தில் சொந்த வீடும், தகப்பனார் சம்பாத்தியமும், சிபார்சு செய்ய ஒரு வக்கீல் மாமாவும் உள்ளவனால் முடியும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு, அதிலும் மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய ஆதிதிராவிடப் பிள்ளைக்கு, எப்படி முடியும்? மனுதர்மம் ஒரு ஜாதியைப் படிக்காதே என்றது. இந்தப் பயிற்சி தர்மம் படி, பட்டமும் வாங்கு, ஆனால் பட்டினி கிடக்கத் தெரிந்தால் மாத்திரம் உள்ளே வா என்கிறது. வாசலில் ஜாதி கேட்பதில்லை. கேட்காமலே ஜாதி பார்த்து அனுப்பிவிடுகிறது.

ஹைக்கோர்ட் ஜட்ஜாவதற்கு ஒரு வழி பத்து வருஷம் வக்கீலாக இருப்பது. முன்சீப் பரீட்சை எழுதுவதற்கும் மூன்று வருஷம் தொழில் நடத்தியிருக்க வேண்டும் என்று 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அனுபவம் வேண்டும் என்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அந்த மூன்று வருஷத்துக்குச் சோறு யார் போடுவது என்றுதான் கேட்கிறோம். 2018 முதல் 2023 ஜூலை வரை ஹைக்கோர்ட்டுகளில் நியமிக்கப்பட்ட 604 ஜட்ஜுகளில் 458 பேர் பொதுப் பிரிவினர், 72 பேர் பிற்பட்டோர், 18 பேர் ஆதிதிராவிடர், 9 பேர் பழங்குடியினர் என்று இந்திய சர்க்காரே பார்லிமெண்டில் கணக்குச் சொல்லிற்று. இதற்குக் கூலியில்லாப் பயிற்சி ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. நியமிக்கிறவர்கள் யார் என்பதும் காரணந்தான். ஆனால், அடிப்படியிலேயே ஆளை இறக்கிவிட்டு, மேல்மாடியில் நம்மவர் யாரும் இல்லையே, தகுதி போதவில்லை போலும் என்று பேசுவது எவ்வளவு பெரிய பித்தலாட்டம்!

இந்த அநியாயம் அதிகாரத்தில் உள்ளவர்களுக்குத் தெரியாததல்ல. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை ஹைக்கோர்ட் உத்தரவிட்டது. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலும் அதன்மேல் சுற்றறிக்கை அனுப்பிற்று. அதே வருஷம் அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சில் இதே மாதிரித் தொகைகளைச் சொல்லிவிட்டு, ஆனால் இது கட்டாயமல்ல, சிபார்சுதான் என்று வால் ஒட்டிற்று. கட்டாயமில்லாத கூலி என்பது பிச்சையே ஒழியக் கூலி ஆகுமா?

தாலுகாக் கோர்ட்டில் தானே அரைவயிற்றுக்குச் சம்பாதிக்கும் வக்கீல் எப்படிக் கொடுப்பார் என்று கேட்பது மாத்திரம் நியாயமான கேள்வி. அதற்கு வழி இல்லாமலில்லை. ஏழை இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுப்பதாகத் தமிழ்நாடு சர்க்கார் 2020-ல் அறிவித்தது. அதை வயிறு நிறையும் அளவுக்கு உயர்த்தலாம். லட்சக்கணக்கில் பீஸ் வாங்கும் பெரிய வக்கீல்களிடம் சந்தா வாங்கிப் பொது நிதி வைத்து, சிறிய வக்கீல்களின் ஜூனியர்களுக்குக் கொடுக்கலாம். சின்ன வக்கீலின் ஏழ்மையைக் காட்டிப் பெரிய வக்கீல் தப்பித்துக் கொள்ள இடம் கொடுக்கக் கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் சமூகநீதி பேசிவிட்டு, ஆபீசில் ஜூனியருக்கு டீ வாங்கிக் கொடுத்ததோடு கணக்கு முடிக்கும் வக்கீல் தோழர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். இயக்கத்துக்குத் தொண்டு செய்வது வேறு; ஒருவர் லாபத்துக்கு இன்னொருவர் சும்மா உழைப்பது வேறு. பின்னதற்குத் தொண்டு என்று பெயர் வைக்கிறவன் கறுப்புச் சட்டை போட்டிருந்தாலும் பார்ப்பனீயத்தைத்தான் நடத்துகிறான்.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாளைக்கு உங்கள் நில வழக்குக்கு வக்கீலிடம் பீஸ் கொடுக்கிறபோது, "ஐயா, கட்டைத் தூக்கி வரும் இந்தப் பிள்ளைக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். பெற்றோர்களே, "பொறுத்துக்கொள், காலம் வரும்" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லாதீர்கள். பொறுத்துக் கொள்ளச் சொல்லித்தான் நம்மை இவ்வளவு காலம் வைத்திருந்தார்கள். வாலிபர்களே, செய்த வேலைக்குக் கூலி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்கக் கூசுவதுதான் சுயமரியாதைக் குறைவு. ஒருவராகக் கேட்டால் வெளியே போ என்பார்கள். ஊருக்கு ஊர் எல்லா ஜூனியர்களும் ஒன்றாகக் கேளுங்கள். அப்பொழுது பயிற்சி பெற வேண்டியவர்கள் யார் என்பது சீனியர்களுக்குத் தானே விளங்கும்.