உப்பு சரியா இருக்கா?

'அமெச்சூர்' என்ற வார்த்தைக்கு நம் ஊரில் மரியாதை கம்மி. 'அமெச்சூர்த்தனமா இருக்கு' என்று ஒருவர் சொன்னால், 'காசு தண்டம்' என்று அர்த்தம். ஆனால் வார்த்தையின் ஜாதகத்தைப் புரட்டினால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே அதன் வேருக்கு 'நேசிப்பது' என்று பொருள். ஆசைக்காக ஒரு வேலையைச் செய்கிறவர் அமெச்சூர். சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, தீபாவளி போனஸ் கிடையாது. இருந்தும் செய்வார்!

இந்த இலக்கணப்படி உங்கள் வீட்டிலேயே ஓர் அமெச்சூர் இருக்கிறார். யார் என்று யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் என் நண்பனை அறிமுகப்படுத்தி விடுகிறேன்.

என்னோடு பி.காம். படித்தவன். குரோம்பேட்டையில் வீடு. கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். பெயர் வேண்டாம், அவனுடைய மேனேஜரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாராம். காலை ஒன்பதரையிலிருந்து ஆறு வரை மற்றவர்கள் செய்த செலவுக்கெல்லாம் இவன் கணக்கு எழுதுவான். ஏழு மணிக்கு மேல் ஸ்டாண்ட்-அப் காமெடியன். அதாவது, மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரிக்க வைக்க வேண்டும். யாரும் சிரிக்காவிட்டாலும் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

'ஓபன் மைக்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஏதாவது ஒரு காபிக் கடையின் மாடி. முப்பது நாற்காலி. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். ஐந்து நிமிஷம் தருவார்கள். நாலாவது நிமிஷம் முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தர் செல்போன் டார்ச்சை அடிப்பார். 'போதும், முடிச்சுக்கோ' என்று அர்த்தம். எமன் வரும்போது எருமையில் வருவான் என்பார்கள். காமெடியனுக்கு மட்டும் டார்ச்சோடு வருகிறான்.

ஒருநாள் நானும் போயிருந்தேன். கூட்டம் இருபது பேர். அதில் பதினாலு பேர் அடுத்து மேடை ஏறப்போகிறவர்கள். அவர்களுக்கு நம் ஜோக் காதில் விழாது, அவரவர் வசனத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேர் சர்வர்கள். இரண்டு பேர் காபி குடிக்க வந்து மாட்டிக்கொண்ட காதலர்கள். ஒருத்தர் டார்ச்காரர். மிச்சம் நான்.

நண்பன் மேடை ஏறினான். "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் லேட்டா போட்டா அபராதத்தோட விட்டுடறாங்க சார். கல்யாண மொய் ரிட்டர்ன் லேட்டா போட்டா மூணு தலைமுறைக்கு நோட்டீஸ் வருது!"

நான் சிரித்தேன். ஒரு சர்வர் சிரித்தார். காதலன் சிரிக்க வாயெடுத்து, காதலி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பி.காம். புத்தி போகுமா? இதற்கும் ஒரு நோட்டில் கணக்கு வைத்திருக்கிறான். இடது பக்கம் பற்று: ரயில் 10, காபி 180, ராத்திரி பரோட்டா 120. வலது பக்கம் வரவு: சிரிப்பு 4. அதில் ஒன்று இருமலாக இருக்கலாம் என்பதால் அதை மட்டும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டிருந்தான்!

கிண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒருநாள் கேட்டான்: "மச்சி, வேலையை விட்டுட்டு முழுநேரமா இதுல இறங்கிடட்டுமா?"

இது இவன் ஒருத்தனுடைய கேள்வி இல்லை. சென்னையின் பழைய கேள்வி. நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். நாடகத்தில் வயிற்று வலிக்காரராக வந்து அவர் துடித்த துடிப்பைப் பார்த்துவிட்டு, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். சோ வக்கீல். கிரேஸி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்காக அவர் எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'தான் மோகனுக்கு முன்னால் 'கிரேஸி'யைக் கொண்டுவந்து ஒட்டியது. 1952-ல் ஒய்.ஜி. பார்த்தசாரதி ஆரம்பித்த குழுவின் பெயரிலேயே 'அமெச்சூர்' இருக்கிறது: யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ். சபா நாடகம் சாயங்காலத்தில் நடந்ததற்கு ஒரு காரணம், நடிக்கிறவரும் பார்க்கிறவரும் ஆபீஸ் விட்டு வர வேண்டியிருந்ததுதான்.

"ஆபீஸ்தான்டா உனக்கு மளிகைக் கடை. கடையை மூடிட்டா சமையலுக்கு எங்கே போவே?" என்றேன். அரைமனசாகத் தலையாட்டினான். டிரெயின் வந்துவிட்டது.

வேலை பிழைத்தது. வயிறு பிழைக்கவில்லை. ஷோ முடிந்து பதினொன்றரை மணிக்குப் பரோட்டா சால்னா. பன்னிரண்டரைக்குப் படுக்கை. காலையில் நெஞ்செரிச்சல். மேடைக்கு முன்னால் படபடப்பு வேறு. பயம் வந்தால் உடம்பு எச்சிலைக் குறைத்துவிடும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பரிகாரம் என்று இவன் குடித்தது இரண்டு காபி! ஆபீஸில் வருஷாந்திர மெடிக்கல் செக்-அப் வந்தது. எடை 86. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். வயது முப்பத்தி நாலு. அவன் அப்பாவுக்கு நாற்பது வயதில் வந்த சர்க்கரை, மகனிடம் கொஞ்சம் அவசரப்படுகிறது.

"வீட்டுல என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டாராம் டாக்டர். இவனுக்குப் பதில் தெரியவில்லை. காலையில் அம்மா ஏதோ சொம்பில் தருவார், ஏதோ குடிப்பான்.

அந்த 'ஏதோ' கேழ்வரகுக் கூழ். அம்மாவுக்கு வேலூர்ப் பக்கம். ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது அம்மாவுக்குத் தெரியாது. அதற்கு முன்பே முப்பது வருஷமாக அந்த வீட்டில் சிறுதானிய ஆண்டுதான் நடக்கிறது. தினமும் சொம்பை நீட்டும்போது அம்மா ஒரே கேள்வி கேட்பார்.

"உப்பு சரியா இருக்கா?"

ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் செல்போன். இவன் சொல்லும் பதில்: "ம்."

போன ஆடியில் தங்கைக்குப் பிரசவம் என்று அம்மா வேலூர் போய்விட்டார். இரண்டு மாசம். வீட்டில் அப்பாவும் பிள்ளையும். டாக்டர் பரோட்டாவுக்குத் தடை போட்டுவிட்டதால் வேறு வழியில்லை. நண்பன் அடுப்படியில் நுழைந்தான். அம்மா போனில் சொல்லச் சொல்லக் கூழ் காய்ச்சினான். முதல் தடவை கட்டி தட்டியது. இரண்டாம் தடவை அடிப்பிடித்தது. மூன்றாம் தடவை ஒழுங்காக வந்தது. வெங்காயம் நறுக்கி, மோர் மிளகாய் வறுத்து, அப்பாவுக்குக் கொண்டுபோய் நீட்டினான்.

அப்பா குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பேப்பரை எடுத்தார்.

நண்பன் அங்கேயே நின்றான். மேடையில் ஜோக் சொல்லிவிட்டு நிற்பானே, அதே நிலை. தாங்க முடியாமல் கேட்டே விட்டான்.

"உப்பு சரியா இருக்காப்பா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "ம்."

அன்று ராத்திரி எனக்குப் போன். குரலே சரியில்லை. "மச்சி, முப்பது வருஷமா எங்கம்மா தினம் ஓபன் மைக் பண்ணியிருக்காங்கடா. எதிரே ரெண்டே பேர் ஆடியன்ஸ். ஒருத்தன்கூட ஒரு நாள்கூட கை தட்டலை."

நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த அமெச்சூர் இவர்தான்.

இதில் விஞ்ஞானமும் கொஞ்சம் இருக்கிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தால் சிரிப்பு வராது, கவனித்திருக்கிறீர்களா? 1998-ல் லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோர் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் ஆட்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து உள்ளங்கையில் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தார்கள். நம் கை என்ன செய்யப்போகிறது என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே ஊகித்து, அந்த உணர்ச்சியை மட்டுப்படுத்திவிடுகிறதாம். அடுத்தவர் கை வேண்டும். சமையலும் அப்படித்தான். ஆவியிலும் தாளிப்பு வாசனையிலும் அரைமணி நேரம் நின்றவருக்குத் தன் சாப்பாட்டின் ருசி தனக்கே பிடிபடாது. அதனால்தான் அடுத்தவர் நாக்கைக் கேட்கிறார். உப்பு ஒரு சாக்கு.

அமெரிக்காவில் ராபர்ட் ப்ரொவைன் என்ற பேராசிரியர் சிரிப்பைப் பற்றியே வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். கடைவீதியிலும் கல்லூரியிலும் ஜனங்கள் பேசிச் சிரிப்பதை ஒளிந்திருந்து குறித்துக்கொண்டார். ஆயிரத்து இருநூறு சிரிப்பு சேர்ந்தது. அதில் ஜோக் மாதிரி எதையாவது கேட்டு வந்த சிரிப்பு நூற்றுக்கு இருபதுகூட இல்லை. மற்றதெல்லாம் 'சரி, அப்புறம் பார்க்கலாம்' போன்ற சாதாரணப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல முப்பது மடங்கு, நாலு பேரோடு இருக்கும்போது சிரிக்கிறோமாம். ஜோக் எழுத மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளும் என் நண்பனுக்கு இது பேரிடி. உங்களுக்கும் எனக்கும் நல்ல சேதி. வீட்டில் சிரிப்பு வர ஜோக் தேவையில்லை. செல்போனைக் கீழே வைத்தால் போதும்.

அம்மா வேலூரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை. சொம்பு வந்தது. நண்பன் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, ரொம்ப நல்லா இருக்கும்மா."

அம்மா பதறிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாராம். "ஏண்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இதை அப்படியே மேடையில் சொன்னான். மொய் ஜோக், மேனேஜர் ஜோக் எல்லாவற்றையும் விட அதிகச் சிரிப்பு இதற்குத்தான். இரண்டு பேர் சிரித்து முடித்துவிட்டு, வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டார்களாம். அதை வரவில் எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டான். குட்வில்லில் போடு என்றேன்.

அவன் எடை இப்போது 79. வேலையை விடவில்லை. ஷோ இருக்கும் நாட்களில் ஆறு மணிக்கே கொண்டைக்கடலைச் சுண்டல் டப்பாவைத் திறந்துவிடுகிறான். பதினொன்றரை மணிப் பரோட்டாக் கடைக்காரர்தான் 'தம்பியைக் காணோமே' என்று கேட்கிறாராம்.

போன மாசம் அம்மாவையும் அப்பாவையும் ஷோவுக்கு அழைத்துப் போனான். முதல் வரிசை. ஐந்து நிமிஷமும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரித்தாரா, அழுதாரா என்று மேடையிலிருந்து தெரியவில்லை. அப்பா இரண்டு தடவை சிரித்தார். இருமல் இல்லை, பக்கத்தில் இருந்த நானே சாட்சி. இறங்கி வந்து, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான்.

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"நல்லாத்தான்டா இருந்துச்சு. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி!"

கொசுறு: நண்பன் கூழ்

முதல் நாள் சாயங்காலம் ஒரு டம்ளர் கேழ்வரகு மாவைத் தோசைமாவு பதத்தில் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். ராத்திரி முழுக்கப் புளிக்கட்டும். மறுநாள் கால் டம்ளர் நொய்யரிசியை நிறையத் தண்ணீரில் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். உப்பு போடுங்கள். நனைத்த கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மூன்றாம் நாள் காலை ஓர் உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் கூழ் தயார். மூன்று நாள் ரிஹர்சல், மூன்று நிமிஷத்தில் காலி!

நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அதே அளவு பாலில் இருப்பது சுமார் 120. ஆனால் 'கேழ்வரகுதானே' என்று சர்க்கரைக்காரர்கள் சொம்பு சொம்பாகக் குடிக்க வேண்டாம். அதிலும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவுச்சத்துதான். உப்பு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை. மோர் மிளகாயும் ஊறுகாயும் இதில் அடக்கம்.

ஆகவே இன்று ராத்திரி யாராவது உங்களிடம் "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால், முழு வாக்கியமாகப் பதில் சொல்லுங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.