இலவச ‘சிஐ’ சேவையைத் தேர்ந்தெடுக்குமுன்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் எங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியை விரிவுரையாளர்களிடம் காட்ட வேண்டிய நாளுக்கு முந்திய இரவு. மூன்று வாரங்களாக நால்வரும் தனித்தனியே எழுதி வைத்திருந்த நிரலை அன்றுதான் ஒன்றாகச் சேர்த்தோம். என் மடிக்கணினியில் செயலி ஓடியது. மற்ற மூவரிடம் ஓடவில்லை. தரவுத்தளத்தைக் கையாளும் ஒரே கோப்பை இருவர் இருவிதமாக மாற்றியிருந்தோம். ஆம், அதில் ஒருத்தி நான்.

நூலகம் மூடியதும் அருகிலிருந்த 24 மணி நேர உணவுக்கடைக்குப் போனோம். விடியற்காலை நான்கு மணிக்கு, உள்நுழைவுப் பக்கத்தையே நீக்கிவிட்டு மீதியைக் காட்டுவது என்று முடிவானது. மதிப்பெண் குறைந்ததைவிட, எங்கள் உழைப்பில் பாதியை யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

அப்படிப்பட்ட இரவுகளைத் தவிர்க்கும் முறைக்குத் ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்று பெயர். மென்பொருள் துறையில் சுருக்கமாக ‘சிஐ’ என்பார்கள். தமிழ்மொழி விழாவுக்கு நாடகம் போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆளுக்கொரு காட்சியை வீட்டில் மனனம் செய்துவிட்டு நேரே மேடையில் சந்திக்க எந்த ஆசிரியரும் விடமாட்டார்; ஒத்திகை இருக்கும். சிஐ என்பது நிரலுக்கான ஒத்திகை. குழுவில் ஒருவர் பத்து வரி மாற்றிப் பதிவேற்றினாலும், எங்கோ ஒரு கணினி முழு நிரலையும் புதிதாக எடுத்து, எல்லாச் சோதனைகளையும் ஓட்டி, பச்சை அல்லது சிவப்புக் குறி காட்டும். சிவப்பு வந்தால் அந்தப் பத்து வரியில் தேடலாம். நாங்கள் அன்றிரவு ஐயாயிரம் வரியில் தேடினோம்.

இப்போது நான் மென்பொருள் பொறியாளர். இளையவர்கள் அடிக்கடி கேட்பது இது: “அக்கா, ஜென்கின்ஸ் கத்துக்கணுமா, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போதுமா? எதை ரெசுமேயில போட்டா நல்லா இருக்கும்?”

ஜென்கின்ஸ் இவற்றில் மூத்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி ‘ஹட்சன்’ என்ற பெயரில் எழுதியது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு மூண்டு, 2011ல் ஜென்கின்ஸ் ஆயிற்று. திறமூல மென்பொருள், காசு கேட்காது. ஆனால் அது ஓடும் கணினியை நீங்கள்தான் தர வேண்டும், செருகுநிரல்களை நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும், நள்ளிரவில் நின்றுபோனால் நீங்கள்தான் எழுந்து பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அது சரி. நான்கு மாணவர்கள் 12 வாரத் திட்டப்பணிக்கு ஜென்கின்ஸ் நிறுவுவது, வீட்டில் நான்கு பேருக்குச் சோறாக்க உணவங்காடி நிலையத்தில் கடை எடுப்பதைப் போன்றது.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் 2019 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. உங்கள் நிரல் ஏற்கெனவே கிட்ஹப்பில் இருந்தால் ஒரு கோப்பைச் சேர்த்தால் போதும். மாணவர் குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பதும் இதையே. நிரல் கிட்லேப்பில் இருந்தால் கிட்லேப்பின் சிஐயே பொருத்தம். சர்க்கிள்சிஐயும் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் மாணவர் குழுவுக்கு இன்னொரு கணக்கைத் திறக்கும் வேலை எதற்கு என்பது என் எண்ணம்.

ஆனால் ‘இலவசம்’ என்ற சொல்லை நம்பித் தேர்ந்தெடுப்பவர்கள் டிராவிஸ் சிஐயின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் தொடங்கிய அந்தச் சேவை, திறமூலத் திட்டங்களுக்கு இலவசம் என்று அறிவித்தது. உலகெங்கும் ஏராளமான திட்டங்கள் அதில் சேர்ந்தன. 2019 ஜனவரியில் ஐடெரா என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த மாதமே ஆட்குறைப்பு. 2020 நவம்பரில் இலவசச் சலுகை கடுமையாகச் சுருக்கப்பட்டது. இலவசத் திட்டங்கள் இயங்கிய பழைய தளம் 2021 ஜூனில் நின்றது. சம்பளம் வாங்காமல், ஓய்வு நேரத்தில் நிரல் எழுதியவர்கள் வார இறுதிகளைச் செலவழித்து வேறு இடத்துக்கு மாறினார்கள்.

டிராவிஸை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இலவசக் கணினி நேரம் கிடைக்கும் இடமெல்லாம் மின்னிலக்க நாணயம் ‘தோண்டுபவர்கள்’ புகுந்துவிடுகிறார்கள். கிட்லேப், இலவசக் கணக்குகளுக்கான நேரத்தை 2020 அக்டோபரில் மாதத்துக்கு 2,000 நிமிடங்களிலிருந்து 400 நிமிடங்களாகக் குறைத்தது. அடுத்த ஆண்டு மே மாதம், தன் கணினிகளைப் பயன்படுத்த விரும்பும் புதிய இலவசப் பயனாளர்கள் வங்கி அட்டை எண்ணைத் தர வேண்டும் என்றது. நாணயம் தோண்டுபவர்களைத் தடுக்க அது தேவைதான். ஆனால் தன் பெயரில் அட்டை இல்லாத உயர்நிலைப் பள்ளி மாணவர் அந்த வாசலிலேயே நின்றுவிடுவார்.

கணக்கு வேறு மாதிரியாகவும் கடிக்கும். கிட்ஹப்பில், பிறர் பார்க்க முடியாத தனிக் களஞ்சியங்களுக்கு இலவசக் கணக்கில் மாதம் 2,000 நிமிடங்கள். ஐபோன் செயலி செய்பவர்களுக்கு மேக் கணினி வேண்டும். அதில் ஓடும் ஒரு நிமிடம் 10 நிமிடங்களாகக் கணக்கிடப்பட்டு வந்துள்ளது. ஒரு முறை ஓட்ட 15 நிமிடம் பிடித்தால், மாதத்தில் 13 முறைதான். நால்வர் உள்ள குழு அதை ஒரே வாரத்தில் தீர்த்துவிடும்.

ஆகவே என் கருத்து இதுதான்: எந்தச் சேவையில் சேர்ந்தாலும், வெளியேறும் வழியை முதல் நாளே அமைத்துக்கொள்ளுங்கள். சோதனைகளை எப்படி ஓட்டுவது என்பதை உங்கள் நிரலோடு இருக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதுங்கள். சேவைக்குரிய யாமல் கோப்பு அந்த ஸ்கிரிப்டை அழைத்தால் போதும். நான் வேலை செய்த ஒரு சிறு நிறுவனத்தில் யாமல் கோப்பு 600 வரிக்கு வளர்ந்திருந்தது. எல்லாமே ஒரே சேவையின் தனி வசதிகள். வேறு சேவைக்கு மாற ஆறு வாரம் ஆயிற்று. பக்கத்துக் குழு ஸ்கிரிப்ட் முறையில் வைத்திருந்தது. அவர்கள் ஒரு பிற்பகலில் மாறிவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

ரகசியச் சாவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிஐ சேவையிடம் உங்கள் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் மேகக் கணினிச் சாவியையும் கொடுத்து வைப்பது வழக்கம். 2023 ஜனவரியில் சர்க்கிள்சிஐ, தன்னிடம் உள்ள எல்லா ரகசியங்களையும் மாற்றும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஊழியர் ஒருவரின் மடிக்கணினியில் நுழைந்த தீநிரல்தான் காரணம். 2025 மார்ச்சில், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய ஒரு துணைநிரலுக்குள் யாரோ கைவைத்து, ரகசியங்கள் பதிவேடுகளில் அச்சாகும்படி செய்தார்கள். பொதுக் களஞ்சியத்தின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். திட்டப்பணிக்குச் சோதனைக் கணக்கு ஒன்றைத் திறந்து அதன் சாவியை மட்டும் கொடுங்கள். அப்பாவின் அட்டை இணைந்துள்ள மேகக் கணக்கின் சாவி அங்கே போகவே கூடாது.

ரெசுமே கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. சேவையின் பெயரைவிட, சிவப்பு வந்த அன்றே அதைச் சரிசெய்யும் பழக்கம்தான் கடினமானது. அதை எந்தச் சேவையும் விற்பதில்லை. ஜேம்ஸ் ஷோர் என்ற அமெரிக்கர் 2006ல் ஒரு கட்டுரை எழுதினார்: நாளுக்கு ஒரு டாலர் செலவில் சிஐ செய்வது எப்படி என்று. அவர் கேட்ட கருவிகள் ஒரு பழைய கணினி, ஒரு ரப்பர் கோழி பொம்மை, ஒரு மேசை மணி. கோழி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே நிரலைச் சேர்க்கலாம். பழைய கணினியில் எல்லாச் சோதனையும் தேறினால் மணி அடிக்கலாம்.

இந்தக் கதையைச் சென்ற மாதம் ஒரு மாணவர் குழுவிடம் சொன்னேன். இன்னமும் அவர்கள் எந்தச் சேவையிலும் சேரவில்லை. ஒருவருடைய பழைய மடிக்கணினியில் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஸ்கிரிப்டை ஓட்டுகிறார்களாம். சிவப்பு வந்தால் வாட்ஸ்அப் குழுவில் கோழி படம் வரும். அதை அனுப்பியவர் தூங்கப் போகலாம். அன்று கடைசியாக நிரலைத் தொட்டவர் போக முடியாது.