நாவின் முடிச்சும் நமது அவசரமும்



உங்கள் வீட்டில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை "உ... உ... உம்மா" என்று ஒரே எழுத்தில் நின்று தவிக்கிறதா? மத்ரஸாவுக்குப் போகும் மகன், யாராவது பெயர் கேட்டால் உங்கள் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறானா? அப்படியானால் இம்மாதப் பக்கம் உங்களுக்காகத்தான். பிறருக்கு உபதேசம் செய்பவன் தன் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். ஆகவே என்னுடைய தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன் வவுனியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்தேன். அவர்களில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். எல்லாரும் சேர்ந்து ஓதும்போது அவன் ஓதல் தங்கு தடையின்றி ஓடும். தனியாக எழுப்பி, "நேற்று எந்த இடத்தில் விட்டோம்?" என்று கேட்டால் முதல் எழுத்திலேயே நின்று விடுவான். இமை துடிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். 'சேர்ந்து ஓத வருகிறது, தனியே பேச மட்டும் வராதா? இது பாசாங்கு' என்று நான் முடிவு கட்டி விட்டேன். மூன்று நாட்கள் தொடர்ந்து அவனை எழுப்பி நிறுத்தினேன். நான்காம் நாள் அவன் வரவில்லை. அவனுடைய உம்மாதான் வந்தார்.

"மௌலவி, என்ட புள்ள ஓத வரமாட்டானாம். எல்லாரும் சிரிக்கிறாங்களாம்" என்றார். சற்று நின்று, "நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்களாம்" என்றும் சொன்னார்.

நான் சிரிக்கவில்லைதான். சிரித்தவர்களை அடக்கவும் இல்லையே!

பேச்சு மொழிச் சிகிச்சை பற்றிப் பின்னாளில் படித்தபோது அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பது புரிந்தது. திக்கிப் பேசுகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பலரோடு சேர்ந்து ஒரே குரலாகச் சொல்லும்போதும், ராகத்தோடு சொல்லும்போதும் திக்கல் வெகுவாகக் குறைந்து விடும். உலகெங்கும் அறியப்பட்ட உண்மை இது. தனியாக, சொந்த வார்த்தையில், பிறர் பார்த்திருக்கப் பதில் சொல்லும்போதுதான் நாவு கட்டுப்படுகிறது. அவனுக்கு மிகக் கடினமான இடம் எதுவோ, அதிலேயே நான் அவனைத் திரும்பத் திரும்ப நிறுத்தியிருக்கிறேன்.

இதில் வெட்கப்பட எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. குர்ஆனைச் சிரமப்பட்டுத் தடுமாறி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஆயிஷா (ரழி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் நான் படித்திருக்கிறேன். முஸ்லிமின் அறிவிப்பில் வரும் 'யததஃதஉ' என்ற அரபுச் சொல்லை உச்சரித்துப் பாருங்கள். அதன் ஓசையே திக்குகிறது. அந்தச் சொல்லுக்கு வகுப்பில் பொருள் எழுதியவன், அந்தச் சொல் என் முன்னால் எழுந்து நின்றபோது அடையாளம் காணவில்லை!

நபி மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை நீக்கித் தரும்படி அல்லாஹ்விடம் கேட்டதைத் தாஹா அத்தியாயத்தில் ஓதுகிறோம். கூடவே சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் துணைக்குக் கேட்டார்கள். அந்த நபியைத் தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்று இகழ்ந்தவன் யார்? பிர்அவ்ன்! ஸுக்ருஃப் அத்தியாயத்தில் அது இருக்கிறது. 'கொன்னையன்' என்று ஒரு பிள்ளையைப் பெயர் வைத்து அழைக்கும் வீடும் வகுப்பும் யாருடைய வழியில் நடக்கின்றன என்று நாமே யோசித்துக் கொள்வோம்.

திக்குவாய் ஏன் வருகிறது? நம் பக்கத்தில் 'கண்ணூறு பட்டது', 'நாய்க்குப் பயந்தான்', 'ஜின் தொட்டது' என்பார்கள். திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், பிள்ளை சொற்களை அடுக்கிப் பேசத் தொடங்கும் காலத்தில் தலைகாட்டுகிறது. குடும்பவழியாகவும் வருகிறது, வாப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்திருக்கலாம். பேச்சை ஒழுங்குபடுத்தி ஓட்டும் மூளையின் வேலையில் உள்ள வித்தியாசம் அது. பயமும் பதற்றமும் அதைக் கூட்டலாம். பொதுவாக அவை அதற்கு வேர் அல்ல. தாயின் வளர்ப்பும் காரணமல்ல. வீட்டில் தமிழ், மத்ரஸாவில் அரபு, வெளியில் சிங்களம் என்று பல மொழி கேட்பதாலும் திக்கல் வருவதில்லை. ஆகவே சகோதரியே, உங்களை நீங்களே குற்றம் சாட்டிக் கொள்ளாதீர்கள்.

நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேர் ஏதோவொரு காலத்தில் திக்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அது தானாகவே மாறி விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் அது தங்குகிறது. அதிலும் ஆண்களே அதிகம். தங்குமா, மாறுமா என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால்தான் 'வளர வளரச் சரியாகும்' என்று வருடக் கணக்கில் காத்திருக்கக் கூடாது என்கிறார்கள். திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், குடும்பத்தில் இருந்தால், முகம் கோணிப் பிள்ளை போராடினால், பேசவே தயங்கினால் உடனே காட்டுங்கள். தலையில் அடிபட்ட பின்னோ, பெரியவருக்குத் திடீரென்றோ பேச்சுத் தடுமாறினால் அது வேறு விடயம். தாமதமின்றி வைத்தியரிடம் போக வேண்டும். பேச்சே தாமதமாகும் பிள்ளைக்கு முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

சிகிச்சை என்றால் மருந்துப் போத்தலை எதிர்பார்க்காதீர்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பதாலும், வாயில் கல்லைப் போட்டுப் பேச வைப்பதாலும் பயன் இல்லை. கல் தொண்டையில் இறங்கும் ஆபத்துத்தான் உண்டு. துஆச் செய்யுங்கள், ஓதிப் பாருங்கள். அத்தோடு சிகிச்சையும் தேடுங்கள். சிகிச்சை தேடச் சொன்னதும் நம் நபிதான்.

அவுஸ்திரேலியாவின் சிட்னியில் 1980களில் உருவான லிட்கம் முறை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கானது. அதில் வீட்டில் சிகிச்சை செய்கிறவர் பெரும்பாலும் தாய்தான்! சிகிச்சையாளர் கற்றுக் கொடுத்தபடி தினமும் சிறிது நேரம் பிள்ளையோடு பேசி விளையாடி, தடையின்றி வந்த பேச்சைப் பாராட்டி, அன்றன்றைய நிலையை இலக்கமிட்டுக் குறித்து வருகிறார். லண்டனில் 1993இல் தொடங்கிய மைக்கல் பேலின் நிலையம் வேறொரு வழியைச் சொல்கிறது: பெற்றோர் தம் பேச்சின் வேகத்தைக் குறைத்து, பிள்ளைக்கென்று தனி நேரம் ஒதுக்குவது. வளர்ந்த பிள்ளைகளுக்கு இலகுவாகப் பேசும் முறைகளோடு, பேச்சைக் கண்டு அஞ்சி ஒதுங்காத மனத்தையும் பழக்குகிறார்கள். திக்கலை முற்றாக அழிப்பதை மட்டுமே இலக்காக வைக்காமல், திக்கினாலும் நினைத்ததைச் சொல்லி முடிக்கும் தைரியத்தை வளர்க்க வேண்டும் என்பது இன்றைய சிந்தனை.

இன்றைக்கே வீட்டில் செய்யக் கூடியவை உண்டு. நீங்கள் ஆறுதலாகப் பேசுங்கள். எண்ணி விடக் கூடிய அளவுக்கு நபி (ஸல்) அவர்களின் பேச்சு நிதானமாக இருந்தது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதை விடவா நல்ல முன்மாதிரி! பிள்ளையின் சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். "மெதுவாச் சொல்லு, மூச்சு எடு" என்று திருத்தாதீர்கள். கண்ணைப் பார்த்து, அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள். விருந்தாளி முன்னால் "ஸூரா ஓதிக் காட்டு" என்று நிறுத்தாதீர்கள்.

எங்கே போவது? குடும்ப நல உத்தியோகத்தரிடம் கிளினிக் கொப்பியோடு முதலில் சொல்லுங்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளின் பிள்ளை வைத்தியரிடம் காட்டி, பேச்சு மொழிச் சிகிச்சைக்கு அனுப்பும்படி வாய் திறந்து கேளுங்கள். களனிப் பல்கலைக்கழகம் இத்துறைக்கான பயிற்சியை 1997இல்தான் தொடங்கியது. தமிழ் பேசும் சிகிச்சையாளர் நம் தேவைக்கு மிகக் குறைவு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல வருடம் புத்தளத்தில் இருந்து, 2009க்குப் பின் வன்னிக்குத் திரும்பிய குடும்பங்கள் வீட்டையும் பள்ளியையும் மீண்டும் கட்டின. இனி இத்தகைய சேவைக்கும் ஆட்கள் வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் உங்கள் மகளுக்கு இப்படியொரு படிப்பு இருப்பதைச் சொல்லி வையுங்கள். தமிழில் பேசும் ஒரு பெண்ணிடம் நம் தாய்மார் எவ்வளவு மனம் திறப்பார்கள்!

அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் பிறகு நானே போனேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாளிலிருந்து அவனும் நானும் சேர்ந்தே ஓதினோம். அவன் குரல் நிலைத்த பின் என் குரலை மெல்லக் குறைத்துக் கொண்டேன். சிரித்த பிள்ளைகளுக்கு அந்த ஹதீஸைச் சொல்லிக் கொடுத்தேன். அவன் குர்ஆனை ஓதி முடித்தான். இன்று வளர்ந்த ஆண் பிள்ளை, இன்னமும் திக்குகிறான். ஆனால் பேசாமல் ஒளிவதில்லை. வழியில் கண்டால் நின்று ஸலாம் சொல்கிறான். அது முடிய எத்தனை விநாடி ஆனாலும் நான் காத்து நிற்கிறேன்.

உங்கள் ஊர் மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் நாவுகளை இலகுவாக்குவானாக! அவர்களைக் கேட்கும் பொறுமையை நமக்கும் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.