‘சரியாகிப் போச்சே, இனி டாக்டர் எதுக்கு?’

திருமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்குத் தூரத்து உறவான பெண் ஒருத்தி இருக்கிறாள். ஆறு வயதில் பிளட் கேன்சர் வந்து, இரண்டரை வருஷம் மருந்து ஏற்றிப் பிழைத்தவள். கல்யாணமாகி வயிற்றில் பிள்ளையோடு செக்கப்புக்குப் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா நிதானமாகத்தான் கேட்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வீட்டில் யாருக்காவது இருந்ததா, முன்னால் ஏதும் ஆப்பரேசன் ஆகியிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் அவள் ‘இல்லை’ என்றாள். அத்தனையும் உண்மை. கேன்சரைப் பற்றிக் கேள்வியே வரவில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நானும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றபோது கேட்டேன். “அது எப்பவோ சரியாகிப் போச்சேக்கா. இனி டாக்டர்ட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?” என்றாள்.

அவள் சொன்னதைத்தான் ஊரும் சொல்கிறது. மருத்துவர்கள் பலரும் அப்படியே நினைக்கிறார்கள். புற்றுநோய் குணமான குழந்தை மற்ற குழந்தைகளைப் போலத்தான், அதன் பிறகு ஏதும் வந்தால் பெரிய ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும், உள்ளூர் மருத்துவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை, பிழைப்பதே பெரும்பாடாக இருக்கும் நாட்டில் பிழைத்தபின் கவனிப்பு என்பது பணக்கார நாட்டுச் சங்கதி. இந்தப் பேச்சு ஒவ்வொன்றும் தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குணமானால் எல்லாம் முடிந்தது என்பதை முதலில் பார்ப்போம். நோய் போனது உண்மை. நோயை விரட்டிய மருந்து உடம்பில் விட்டுப்போன தடம் போகவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970க்கும் 1986க்கும் இடையில் சிறுவயதில் சிகிச்சை பெற்று, ஐந்து ஆண்டுக்கு மேல் பிழைத்த 10,397 பேரை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் 62 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட உடல்நலக் கோளாறு இருந்தது. கால்வாசிக்கு மேற்பட்டோருக்கு அது கடுமையானது, அல்லது உயிருக்கே ஆபத்தானது. அப்போது அவர்களுடைய சராசரி வயது முப்பதைக்கூடத் தொடவில்லை. அந்தக் காலத்துச் சிகிச்சை முரட்டுத்தனமானது, இன்று கதிர்வீச்சையும் மருந்தளவையும் நிறையக் குறைத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குறைத்திருக்கிறார்கள், நிறுத்திவிடவில்லை.

இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்சோரூபிசின், டவுனோரூபிசின் என்ற மருந்துகள் சிவப்பு நிறத்தில் இருக்கும். வார்டில் தாய்மார்கள் ‘செவப்பு மருந்து’ என்றே சொல்வார்கள். ரத்தப் புற்றுநோய், நிணநீர்க் கட்டி, எலும்புப் புற்று என்று எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிய மருந்து அது. அதே மருந்து இதயத் தசையின் செல்களில் கொஞ்சத்தை அழித்துவிடுகிறது. தோலைப் போலவோ ரத்தத்தைப் போலவோ அந்தச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை. மிச்சமிருப்பவை எல்லாப் பாரத்தையும் சுமக்கின்றன. பத்து வயதில் அது வெளியே தெரியாது, ஓடி விளையாடும் பிள்ளைதான். ஆனால் கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அப்போது அந்த இதயம் திணறக்கூடும். கால் வீக்கம், மூச்சு வாங்குதல், படுத்தால் இருமல் எல்லாம் ‘மாசமா இருக்கால்ல, அப்படித்தான்’ என்று போய்விடும். இந்தச் செவப்பு மருந்து மொத்தமாக ஏறிய அளவு உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமைத் தொட்டிருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 100க்கும் 250க்கும் இடையில் என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்க வேண்டும் என்கிறது பல நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த நெறிமுறை. இந்த மருந்து ஏறிய பெண்ணுக்குக் கர்ப்பத்துக்கு முன்போ முதல் மூன்று மாதத்திலோ ஒரு எக்கோ அவசியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்த பிள்ளைக்கு வளர்ச்சியும் படிப்பும் பின்தங்கலாம். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து ஏறியவருக்குக் காது மந்தமாகலாம். வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார வைத்து, ‘கவனிக்க மாட்டேங்கிறான்’ என்று ஆசிரியர் எழுதி அனுப்புவார். ஸ்டீராய்டால் இடுப்பு எலும்பு நொறுங்கலாம். நெஞ்சுக்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்ணுக்கு 25 வயதிலேயே மார்பகப் பரிசோதனை தொடங்க வேண்டியிருக்கும்.

‘பெரிய ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும்’ என்பது அடுத்த பேச்சு. பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்றே ஒரு தனி கிளினிக்கை 1991இலேயே தொடங்கிவிட்டார்கள். நம் மாநிலத்தில் அடையாறு புற்றுநோய் நிலையம், நாட்டில் முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று புற்றுநோய்ப் பிரிவை 1960இல் ஏற்படுத்திய இடம். மதுரையிலும் பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, தனியாரிலும் இடமுண்டு. ஆனால் உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ இருக்கும் கூலிக்காரக் குடும்பம், நன்றாக இருக்கும் பிள்ளையை, ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு எத்தனை வருஷம் அங்கே கூட்டிப் போகும்? பதினெட்டு தாண்டிய பையனைக் குழந்தைகள் வார்டில் சேர்ப்பதில்லை. பெண்ணோ கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விடுகிறாள். காய்ச்சலுக்கும் மூச்சிரைப்புக்கும் கர்ப்பத்துக்கும் அவர்கள் போய் நிற்கும் இடம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், இல்லையென்றால் கடைவீதி கிளினிக். அங்கே இருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவருக்குத் தெரியவில்லை என்றால், வேறு எங்கே தெரிந்தும் அந்தப் பெண்ணுக்கு உபயோகமில்லை.

‘பொது மருத்துவருக்கு இதெல்லாம் புரியாது, ஏற்கெனவே பாடச்சுமை அதிகம்’ என்று மருத்துவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னை மிகவும் வருத்துவது இந்தப் பேச்சுதான். 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு நேரடியான பதில். பொது மருத்துவ நிபுணர்கள் 1,110 பேரிடம் ஒரு கற்பனை நோயாளியைப் பற்றிக் கேட்டார்கள். சிறுவயதில் நிணநீர்ப் புற்று வந்து, மருந்தும் நெஞ்சுக்குக் கதிர்வீச்சும் பெற்ற இளம்பெண், இவளுக்கு என்னென்ன பரிசோதனை செய்வீர்கள்? ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனையை 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சொல்லவில்லை. இதயப் பரிசோதனையை 85 சதவீதம் பேர் சொல்லவில்லை. இதைக் காட்டித்தான் ‘பாருங்கள், அமெரிக்காவிலேயே முடியவில்லை’ என்பார்கள். அதே பட்டியலில் தைராய்டு பரிசோதனையைத் தவறவிட்டவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

அதே மருத்துவர்கள், அதே நோயாளி. கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு பட்டால் தைராய்டைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் படித்த காலத்திலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த விஷயம், அதனால் கைக்கு வந்தது. மற்ற இரண்டும் யாரும் சொல்லிக்கொடுக்காதவை. அந்த ஆய்வு மருத்துவர்களின் திறமைக் குறைவைக் காட்டுவதாக நான் படிக்கவில்லை. கற்றுக்கொடுத்தது நிற்கிறது, கற்றுக்கொடுக்காதது இல்லை என்பதையே அது காட்டுகிறது. நம் எம்.பி.பி.எஸ். மாணவர் ரத்தப் புற்றுநோயை எப்படிச் சந்தேகிப்பது என்று படிக்கிறார். பதினைந்து வருஷம் கழித்து அதே பிள்ளை மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தால் என்ன கேட்பது என்பதையும் அதே பாடத்தோடு சேர்த்தால் ஒரு மணி நேரம் கூடும். மதுரை மருத்துவக் கல்லூரி 1954இலிருந்து இருக்கிறது. சுற்றிலும் தேனி, சிவகங்கை, 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் கல்லூரிகள். நாளை நம் ஊர்களில் உட்காரப் போகும் மருத்துவர்கள் இங்கேதான் படிக்கிறார்கள். கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கும் திட்டமும் அவர்களுடைய படிப்பில் வந்துவிட்டது. வீட்டுக்கே போகிற மாணவர் இந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டு வரலாமே.

வெறும் வகுப்பு போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவருக்கு எவ்வளவு தெரிந்தாலும், எந்த மருந்து, எவ்வளவு, கரண்ட் எந்த இடத்தில் என்று எழுதிய தாள் கையில் வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மா பீரோவில் சேலைக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துத் தந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்திருந்தார், நாலாக மடித்த பிறகு. டவுனோரூபிசின் என்ற பெயர் தெரிந்தது. அதற்கு நேரே இரண்டு பூஜ்யம் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்த எண் மடிப்பில் தேய்ந்து போயிருந்தது. 100 என்றால் ஒரு கணக்கு, 300 என்றால் வேறு கணக்கு. ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம், தெரியவில்லை. சிகிச்சை முடிகிற அன்றே ஒரு பக்கச் சுருக்கத்தை அச்சடித்துத் தருவதையும், பிள்ளை பதினைந்து வயதைத் தொடும்போது அதை அவள் கையிலேயே கொடுத்து விளக்குவதையும் மருத்துவக் கல்வியின் பகுதியாகவே நான் நினைக்கிறேன்.

‘இங்கே பிழைப்பதே பாடு, இதெல்லாம் ஆடம்பரம்’ என்பவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகளில் முப்பதுகூடத் தேறுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2030க்குள் உலகெங்கும் 60 சதவீதமாவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் இலக்கு வைத்திருக்கிறது. அப்படியானால் பிழைத்தவர்கள் கூடிக்கொண்டே போகப் போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது என்ன? ஒரு எக்கோ, ஒரு தைராய்டு ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், விட்டுப்போன தடுப்பூசி. பெரியாஸ்பத்திரியில் தினமும் நடக்கிற வேலைகள்தாம் இவை. இரண்டரை வருஷம் பாடுபட்டுக் காப்பாற்றிய உயிரை ஒரு எக்கோ பார்க்காமல் இழப்பதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்மணியில் வெள்ளை தெரிகிறது என்று வரும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். பரம்பரை வகை விழித்திரைப் புற்று என்றால், பிழைத்த அந்தக் குழந்தை வளர்ந்து பெறும் பிள்ளைக்கு அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை அறிந்த ஊர் மருத்துவர், பிறந்த வாரமே கண்ணைப் பார்க்க அனுப்பி ஒரு பார்வையைக் காப்பாற்றிவிடுவார்.

கல்யாணத்தைக் காரணம் காட்டி மறைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெண்ணைப் பெற்றவர்களின் பயம் அது. ஆனால் சம்பந்தி வீட்டாரிடம் சொல்வது வேறு, மருத்துவரிடம் தனியாகச் சொல்வது வேறு. ‘அம்மா கொஞ்சம் வெளியே இருங்க’ என்று மாமியாரை இரண்டு நிமிஷம் அனுப்பிவிட்டுக் கேட்கும் பழக்கமும் கற்றுக்கொடுக்க வேண்டியதே.

அந்தச் செக்கப்புக்கு அடுத்த வாரம் நானும் அந்தப் பெண்ணும் மட்டும் போய்ச் சொன்னோம். டாக்டரம்மா அந்த லேமினேட் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதை எனக்கு யாருமே சொல்லிக்குடுக்கலையேம்மா” என்றார். உடனே எக்கோவுக்கு எழுதினார். இதயம் நன்றாக இருந்தது. பிரசவமும் நல்லபடி முடிந்தது. கர்ப்பிணிப் பெண்களைக் கேட்கும் படிவத்தில் ‘முன்பு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறதா’ என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடமிருக்கிறது: சின்ன வயதில் கேன்சருக்கு மருந்து ஏற்றியதுண்டா, கரண்ட் வைத்ததுண்டா?