தட்டினால் திறக்கும் கதவுகள்

அக்டோபர் மாதம் வந்துவிட்டால் ஆண்டுதோறும் அதே விவாதம்தான். கடைத்தொகுதிகளில் பூசணிக்காய் அலங்காரங்களும் சிலந்தி வலைகளும் தொங்கத் தொடங்கியதும், “தீபாவளி இருக்கும்போது நமக்கு எதற்கு ஹாலோவீன்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். “எல்லாம் வணிகம்” என்று இன்னொரு தரப்பு சொல்லும். இளையர்களோ எந்த வேடம் போடலாம் என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பார்கள். 2024ஆம் ஆண்டில் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31ஆம் தேதி வந்தபோது, இந்த விவாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது.

ஹாலோவீன் வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அன்று நடக்கும் ஒரு செயல்தான் என் கவனத்தை ஈர்க்கிறது. ஒரு குழந்தை, தனக்கு அறிமுகமில்லாதவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து, சிரித்து, இனிப்பு கொடுக்கிறார். நம் அடுக்குமாடி வீடுகளில் இது அரிதாகி வருகிறது. நாம் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான் என்பது என் கருத்து.

முதலில் இந்த விழாவைப் பற்றிக் கொஞ்சம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் கொண்டாடப்பட்ட பழைய விழா ஒன்றில் இதன் வேர் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. கிறிஸ்துவ நாட்காட்டியில் நவம்பர் 1ஆம் தேதி புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்திய மாலை என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயரின் பொருள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளுக்குச் சென்று மெழுகுவத்தி ஏற்றி மறைந்தவர்களை நினைவுகூரும் நாள் அது. ஆகவே, இந்த நாள்கள் தமிழருக்கு முற்றிலும் அந்நியம் என்று சொல்லிவிட முடியாது.

ஸ்காட்லாந்தில் வேடமிட்டு வீடு வீடாகச் செல்லும் பிள்ளைகளுக்கு இனிப்பு சும்மா கிடைக்காது. ஒரு பாட்டு, ஒரு கவிதை அல்லது ஒரு நகைச்சுவைத் துணுக்காவது சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அங்கே விளக்குகளை டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறியவர்கள், அங்கு எளிதாகக் கிடைத்த பூசணிக்காய்க்கு மாறிக்கொண்டார்கள். புதிய ஊருக்கு வந்தவர்கள் கையில் கிடைத்ததை வைத்துப் பண்டிகை கொண்டாடிய கதை இது. முறுக்குக்குப் பக்கத்தில் அன்னாசிப்பழ டார்ட்டையும் தீபாவளித் தட்டில் வைக்கும் நமக்கு இது புரியாததல்ல.

சிங்கப்பூரில் இலையுதிர்காலம் கிடையாது. நமக்கு அக்டோபர் என்றால் பிற்பகல் இடிமழையும் தேர்வும்தான். இந்த ஊரில் ஹாலோவீன் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போவது. செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் நடத்தும் திகில் இரவுகள் அந்த வகை. மற்றொன்று, உட்லண்ட்சின் உட்குரோவ் தனியார் வீட்டுப் பகுதியில் நடப்பது. அருகில் சிங்கப்பூர் அமெரிக்கப் பள்ளி இருப்பதால் அமெரிக்கக் குடும்பங்கள் பல அங்கு வசிக்கின்றன. அவர்கள் தொடங்கிய வழக்கத்தைப் பார்க்க இப்போது மற்றப் பேட்டைகளிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துவருகிறார்கள். முதல் வகையில் நாம் வாடிக்கையாளர்கள். இரண்டாவதில் நாம் அண்டைவீட்டார்.

அந்த இரண்டாவது வகையில் எழுதப்படாத சில விதிகள் உண்டு. வாசலில் விளக்கோ அலங்காரமோ இருந்தால் கதவைத் தட்டலாம். இருட்டாக இருந்தால் தட்டக்கூடாது. அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுக்குள் போக வேண்டாம். நீண்ட உரையாடல் வேண்டாம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

இப்போது நம் கதைக்கு வருவோம். தொடக்கப்பள்ளியில் நாம் எழுதாத தீபாவளிக் கட்டுரை உண்டா? பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு சீன, மலாய் அண்டைவீட்டாரிடம் செல்வோம், அவர்கள் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொள்வார்கள், இன நல்லிணக்கம் ஓங்கும் என்று முடித்தால் நல்ல மதிப்பெண் நிச்சயம். எங்கள் மாடியில் ஒரு காலத்தில் அது உண்மையாகவே நடந்தது. அம்மா தட்டுகளை நிரப்பித் தருவார். நானும் தம்பியும் முதலில் மக்சிக் வீட்டுக்கும் பிறகு கோடி வீட்டு ஆன்ட்டிக்கும் கொண்டுபோய்க் கொடுப்போம். தட்டு ஒருபோதும் வெறுமையாகத் திரும்பாது. கொஞ்சம் சர்க்கரையாவது இருக்கும். நோன்புப் பெருநாளில் அதே தட்டில் குவே வரும், சீனப் புத்தாண்டில் ஆரஞ்சுப் பழங்கள் வரும்.

இப்போது அந்த வீடுகளில் வேறு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. வாசலில் இருக்கும் காலணிகளும் இணையத்தில் வாங்கிய பொட்டலங்களும்தான் தெரியும். முறுக்கு கடையிலிருந்து வருகிறது, வாழ்த்து வாட்ஸ்அப்பில் போகிறது. நண்பர்களிடம் கேட்டால் அவர்கள் வீட்டிலும் இதே நிலைதான். கட்டுரை மட்டும் மாறவில்லை.

இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். இந்நாட்டில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் வீவக வீடுகளில் வாழ்கிறோம். ஒரே புளோக்கில் பல இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்பதற்காக 1989ஆம் ஆண்டு முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. கொள்கையால் பக்கத்து வீட்டில் இன்னோர் இனத்தவரைக் குடியமர்த்த முடியும். அவர் வீட்டுக் கதவைத் தட்ட வைக்க முடியாது.

பேசிப் பழகாதவர்களுக்கு இடையே நடக்கும் முதல் உரையாடல் பெரும்பாலும் புகாராகத்தான் இருக்கிறது. நாற்காலி இழுக்கும் சத்தம், சாம்பிராணிப் புகை, நடைவழியில் நிற்கும் சைக்கிள். அண்டைவீட்டார் பூசல்களை விசாரிக்க 2015ஆம் ஆண்டில் தனி நடுவர் மன்றமே அமைக்கப்பட்டது. பலகாரத் தட்டு எல்லாப் பூசலையும் தீர்த்துவிடாது. ஆனால் முகம் தெரிந்தவரிடம் நாம் முதலில் பேசிப் பார்ப்போம். முகம் தெரியாதவர் என்றால் கைப்பேசியில் படம் பிடிப்போம். தனியாக வசிக்கும் முதியவர்களுக்கோ இதில் இன்னும் பெரிய பொருள் உண்டு. வாரக்கணக்கில் யாரும் தட்டாத கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

மறுப்புகளும் நியாயமானவைதான். “இப்போது யாரும் திடீரென்று வருவதை விரும்புவதில்லை” என்பார்கள். ஹாலோவீனின் விதிகளை அதற்காகத்தான் சொன்னேன். வாசலிலேயே கொடுத்துவிட்டு, பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்லிவிட்டு வந்துவிடலாம். கதவு திறக்கவில்லை என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. உணவுக் கட்டுப்பாடு குறித்துத் தயக்கம் இருந்தால், ஹலால் முத்திரை உள்ள பொட்டலத்தைக் கொடுக்கலாம். முட்டையோ கடலையோ சேர்ந்திருந்தால் சொல்லிவிடலாம். சிறுவர்கள் போகும்போது பெரியவர் ஒருவர் கூடப் போவது நல்லது.

“பேய் வேடம் எங்கள் சமயத்துக்கு ஒத்துவராது” என்று சொல்லும் குடும்பங்கள் எல்லா இனத்திலும் உண்டு. அதை மதிக்க வேண்டும். அதே நேரத்தில், சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் கெத்தாய் மேடைக்கு முன்னால் ஆவிகளுக்காக முன்வரிசையைக் காலியாக விடும் ஊர் இது. அந்த நாற்காலிகளில் நாம் உட்காருவதில்லை. அடுத்தவர் நம்பிக்கையை ஏற்காமலேயே அதற்கு இடம் விடும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே, என் வயதுடைய இளையர்களுக்கு ஒரு யோசனை. இந்தத் தீபாவளிக்கு நான்கு கதவுகளைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், மேல்மாடி, கீழ்மாடி. பெற்றோரை அனுப்பாமல் நீங்களே போங்கள். தம்பி தங்கையையும் அழைத்துச் செல்லுங்கள். பல்கலைக்கழக விடுதியில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. பக்கத்து அறையில் இருப்பவர் முதன்முறையாக வீட்டைவிட்டு வந்த வெளிநாட்டு மாணவராகவும் இருக்கலாம். ஹாலோவீன் மாலையில் பக்கத்து வீட்டுச் சிறுவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றால், “இது நம் பண்டிகை இல்லை” என்று பாடம் நடத்த வேண்டாம். ஒரு கை முறுக்கைக் கொடுத்து, அவன் பெயரைக் கேளுங்கள்.

தேர்வுக் காலத்தில் இதற்கு நேரம் ஏது என்று கேட்டால், நான்கு வீடுகளுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும். அதன் பிறகு, நள்ளிரவில் மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டால், இழுப்பது யார் என்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.